கறுப்பு டப்பா

அறிவியல் மையத்தின் சுவர் முன்னால் மாசிலாமணி தோற்றுப்போய் நின்றார். கட்சித் தலைவர்களின் முகத்தை நாற்பதடி உயரத்துக்கு வரைந்து தள்ளிய கை அது. ஒரு கருந்துளை அதைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் சுழித்து இறங்கும் கிணறு மாதிரி வரைந்தார். அடுத்து வளையம் மாட்டிய கரிய பந்து. இரண்டையும் ஹெப்சிபா வேண்டாம் என்றுவிட்டார். மாசிலாமணியே அவற்றின் மேல் வானத்துக்கான கறுப்பை மறுபடி பூசினார்.

ஹெப்சிபா விண்ணியற்பியல் ஆய்வாளர், வயது முப்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு வயது மாசிலாமணி முதல் நாளே வெற்றிலை பாக்கு வைத்து, "இந்தச் சுவரு முடியிற வரைக்கும் நீங்கதான் எனக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

நாளை மாலை மையத்தின் இயக்குநர் பார்க்க வருகிறார். பிடிக்காவிட்டால் சுவரை மூடி ஃபிளெக்ஸ் கட்டிவிடுவார்கள். மாசிலாமணியின் பேனர் தொழிலைப் படுக்கவைத்ததே அந்த ஃபிளெக்ஸ்தான்.

"கண்ணுக்கே தெரியாததை எப்பிடி வரைய, டீச்சர்?"

ஹெப்சிபா கறுப்புப் பெயின்ட் டப்பாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கறுப்பு இல்லாம கருந்துளையா?"

"ஆமா, அண்ணாச்சி. அதைச் சுத்துற சூடான வாயுவை மட்டும் வரைங்க. தட்டு மாதிரி சுத்துது. நாம பக்கவாட்டுல நின்னு பாக்கோம்."

மாசிலாமணி ஒரு தாளில் ஆரஞ்சு நிறத்தில் நேராக ஒரு பட்டை இழுத்தார்.

"தட்டோட பின்பக்கம் மறைஞ்சிருமே?"

ஹெப்சிபா டீயைக் குடித்து முடித்து, அடி தடித்த அந்தக் கிளாஸைத் தாளின் மேல் வைத்தார். மாசிலாமணி குனிந்து அதன் வழியாகப் பார்த்தார். நேர்ப்பட்டை வளைந்து நெளிந்து தெரிந்தது.

"இது கண்ணாடி செய்யிற வேலை. அங்க ஈர்ப்பு செய்யுது. பின்னால உள்ள வெளிச்சம் மேலயும் கீழயும் வளைஞ்சு வந்து நம்ம கண்ணுல விழுது."

மாசிலாமணி சாரத்தில் ஏறினார். முன்னால் ஒரு பட்டை, மேலே பெரிய வில், கீழே மெல்லிய வில். பேனர்க்காரர் பழக்கம் போகுமா? இரண்டு பக்கமும் ஒரே ஜொலிப்பாக ஏற்றிவிட்டார்.

"இடது பக்கம் நம்மள நோக்கி ஓடி வருது, அதான் பிரகாசம். வலது பக்கம் விலகி ஓடுது. அதை மங்க விடுங்க."

"அரைகுறை வேலைன்னு சிரிப்பானுவளே, டீச்சர்!"

"சிரிக்கட்டும்."

ஹெப்சிபா போய்விட்டார். மாசிலாமணி வெகுநேரம் யோசித்தார். பிறகு ஈரத்துணியை எடுத்து, ஆசையாகப் பூசிய வலது பக்கத்தைத் தானே துடைத்து மங்கவைத்தார்.

மறுநாள் இயக்குநர் வந்தார். பின்னால் இரண்டு பேர் ஃபிளெக்ஸ் சுருளோடு வந்தார்கள்.

"வலது பக்கம் பெயின்ட் தீந்து போச்சா?"

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினார். "அது நம்மள விட்டு ஓடுது சார். ஓடுறவன் முகம் தெரியுமா?"

இயக்குநர் சிரிக்கவில்லை. நடுவிலிருந்த இருட்டைத் தொடக் கையை நீட்டினார். தொடவில்லை. இரண்டடி பின்வாங்கினார்.

"யோவ், உள்ள இழுத்துரும் போல இருக்கேய்யா!"

ஃபிளெக்ஸ் சுருள் வந்த வழியே திரும்பிப் போனது. மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டீச்சர், அந்த இடத்துல வானத்துக் கறுப்புக்கு மேல நான் பிரஷ்ஷே வைக்கலியே. எதைப் பாத்துப் பயந்தாரு?"

பக்கத்தில் நின்ற ஹெப்சிபா பையிலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வெளிச்சத்தை நீங்க சரியா வளைச்சீங்க, அண்ணாச்சி. மிச்சத்தை அதுவே வரைஞ்சுக்கிட்டுது."