நெய்க் குடம் வற்றிய கதை

ஒரு காலத்திலே மருதங்காடு என்கிற நாட்டைச் சித்திரசேனர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனசு, ஆனால் மனசில் ஒன்று தோன்றிவிட்டால் உடனே நடந்தாக வேண்டும். சாப்பாட்டிலும் அப்படித்தான். காலையில் சர்க்கரைப் பொங்கல், மத்தியானம் மலைபோல் சோறு, சாயங்காலம் அதிரசம், படுக்கப் போகுமுன் பாயசம். கடைசியில் உடம்பு பெருத்துப் போய், சிம்மாசனப் படி ஏறவே இரண்டு பேர் தாங்க வேண்டியதாயிற்று. காலில் வந்த புண்ணும் ஆறவில்லை. வைத்தியர் பயந்து போனார்.

அந்தச் சமயத்தில் சபையிலிருந்த உத்தண்டராயர் மலைநாட்டுக்குப் போய்த் திரும்பினார். மந்திரி தில்லைநம்பி பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். மந்திரிக்குத் தெரியாத ஒன்றை ராஜாவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டு வந்தார்.

"மகாராஜா! மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் நெல்லைக் கண்ணால் பார்த்ததில்லை. நெய், வெண்ணெய், கொழுப்போடு கறி, இவ்வளவுதான் ஆகாரம். ஒவ்வொருவனும் வில் மாதிரி முறுக்கேறி இருக்கிறான். தானியம்தான் பிரபு, உங்கள் சத்துரு!"

அன்றே ராஜா சோற்றை விட்டார். கிண்ணம் கிண்ணமாக நெய் குடித்தார். மெய்யாகவே உடம்பு இளைத்தது, புண் காய்ந்தது. யாரும் தாங்காமல் படியேறிய அன்று ராஜா கண் கலங்கிப் போய், ராயரைச் சபை நடுவில் கட்டிக்கொண்டார்.

அத்தோடு நின்றிருந்தால் கதையே இல்லை.

"நான் பெற்ற சுகம் என் குடிகளும் பெற வேண்டும். இனி நாட்டில் யாரும் நெல் நடக்கூடாது. வயலெல்லாம் மாடு மேயட்டும். எல்லோரும் நெய்யும் கறியும் சாப்பிடட்டும்!" என்றார் ராஜா.

நடவுக்கு நாற்று தயாராக நிற்கிற நேரம் அது. 

ராயர் மீசையைத் தடவினார். "மந்திரியார் முகம் வாடுகிறதே? மகாராஜாவின் ஆரோக்கியம் பிடிக்கவில்லையோ?"

தில்லைநம்பி எழுந்து கும்பிட்டார். "பிரபு படியேறுவதைப் பார்த்து என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. உத்தரவை இன்றே நிறைவேற்றுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். அரண்மனை வழிகாட்டினால் அல்லவா நாடு பின்னால் வரும்? முதலில் இங்கே தொடங்குவோம். பௌர்ணமி வரைக்கும் நெல் சம்பந்தப்பட்ட எதுவும் கோட்டை வாசலைத் தாண்டக்கூடாது. மடைப்பள்ளிப் பொறுப்பு ராயருக்கே இருக்கட்டும்."

"பேஷ்!" என்றார் ராஜா. ராயருக்கோ தலைகால் புரியவில்லை.

மந்திரி சொன்ன சொல் தவறவில்லை. அரிசி வெளியே போயிற்று. தவிடு போயிற்று. கோழிக்குப் போடுகிற குருணை போயிற்று. வைக்கோல் போரையும் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள்.

கோடைக்காலம்; வாய்க்கால் தண்ணீர் நடவு வயலுக்கு மட்டுந்தான். வெளியில் பச்சைப் புல் ஏது? பசுக்கள் காய்ந்த மேய்ச்சல் மேட்டைச் சுற்றிவிட்டு வந்து வெறும் தொட்டியை நக்கின. பால் சுருங்கிற்று. பால் சுருங்க வெண்ணெய் சுருங்கிற்று. கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. மெலிந்த ஆட்டில் கறியும் தேறவில்லை. அரண்மனையில் அத்தனை பேருக்கும் நெய் ஊற்ற முடியாமல் ராயர் கரண்டியைச் சின்னதாக்கினார். ஒருநாள் பல்லக்குத் தூக்கிகள் ராஜாவை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு, "மன்னிக்கணும் சாமி, கால் நடுங்குது" என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ராஜா கோபமாக மடைப்பள்ளிக்கே வந்தார். "எங்கே என் நெய்?"

ராயர் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். "பசு கறக்கவில்லை, பிரபு."

"ஏன் கறக்கவில்லை?"

"வைக்கோல் இல்லை."

"ஏன் இல்லை?"

ராயர், ராஜாவின் பின்னாலேயே வந்திருந்த மந்திரியைப் பார்த்தார். மந்திரி சொன்னார்: "வைக்கோல் தனியாக முளைப்பதில்லை மகாராஜா. தலையில் நெல்லைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. நம் நாட்டு நெய் அந்த வயலிலிருந்துதான் புறப்படுகிறது."

 ராஜா காலைத் தூக்கிக் காட்டினார். "அப்படியானால் இது? ராயர் சொன்னது பொய்யா? புண் ஆறியிருக்கிறதே!"

"பொய்யில்லை" என்றார் மந்திரி. "ஆறியது நிஜம். ஆனால் அன்றைக்குத் தாங்கள் எதையெல்லாம் விட்டீர்கள்?"

மடைப்பள்ளித் தலைவி குப்பாச்சி முந்திக்கொண்டாள். "சோறு மட்டுமா விட்டாங்க மகாராஜா? அதிரசம், சர்க்கரைப் பொங்கல், ராத்திரிப் பாயசம், எல்லாம் ஒரே நாளில் நின்னுபோச்சே!"

"அப்போது எது என்னைக் குணமாக்கியது?"

"எனக்குத் தெரியாது பிரபு" என்றார் தில்லைநம்பி. "எல்லாவற்றையும் ஒன்றாக விட்டதால் வைத்தியருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்து ஆளுகிற தங்கள் உடம்புக்குச் சோறு குறைந்தது நல்லதாகவே இருக்கலாம். குடம் குடமாக நெய் குடித்தால் வருஷங்கள் கழித்து நெஞ்சு என்ன சொல்லும் என்று நாம் பார்க்கவில்லை. நாளெல்லாம் மலை ஏறி இறங்குகிறவன் உடம்பு வேறு, பல்லக்குத் தூக்குகிறவன் உடம்பு வேறு. தங்களுக்குப் பொருந்திய சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டத்தான் வேண்டுமா?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்போடு வெட்கமும் வந்தது. "உத்தரவு ரத்து! ராயரே, என் உடம்பை வைத்து மந்திரியை மட்டம் தட்டப் பார்த்தீர் அல்லவா? உம்மை..."

"பிரபு, அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்" என்று குறுக்கிட்டார் தில்லைநம்பி. "பாயசத்தை விடச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் வந்திராவிட்டால் தங்கள் கால் என்னவாகியிருக்குமோ!"

ராயர் தலை குனிந்தார். தன்னைக் காப்பாற்ற இவர் பேசுவார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. "மந்திரியாரே..." என்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

ராஜா தம் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். ராயருக்கு முத்துமாலை உண்டு, ஆனால் பசுக்கள் மறுபடி கறக்கும் வரை வைக்கோல் சுமந்து போட்ட பிறகுதான்!

மறுநாள் ஊரெங்கும் தண்டோரா போட ஆள் போனான். "நெல் விளைவிக்கிற, மாடு மேய்க்கிற, கறக்கிற எல்லோருக்கும் மகாராஜா நன்றி சொல்கிறார்!"

நடவு வயலில் நின்ற ஜனங்கள் நாற்றைக் கையில் பிடித்தபடி அசையாமல் காத்திருந்தார்கள். ஒரு அம்மாள் பொறுக்காமல் கேட்டாள்: "அப்புறம்? வரி எவ்வளவு ஏத்தியிருக்காரு?"

"ஒண்ணும் இல்லைம்மா. நன்றி மட்டுந்தான் சொல்லச் சொன்னாரு."

அவள் நம்பாமல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அரண்மனை இருந்த திசையைப் பார்த்து, சேற்றுக் கையோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த நாற்றை ஊன்றினாள்.