சண்முகவடிவு வெந்நீர் ஊத்துல இறங்கின கதை

ஒரு ஊர்ல ஒரு கும்மிக்காரி இருந்தாளாம். ஊரு தென்காசி, பேரு சண்முகவடிவு. காலை ஆட்டாம படு, இல்லைன்னா கதை கிடையாது. ம் கொட்டு. ஆங், அப்படி.

அவ கும்மி அடிச்சா கோயில் வாசல்ல கூட்டம் அள்ளுமாம். அழுற பிள்ளை கூட வாயை மூடிட்டுப் பாக்குமாம். அப்புறம் என்னாச்சு? முட்டி பிடிச்சுக்கிச்சு. உக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உக்கார முடியல. கும்மி நின்னு போச்சு. கொட்டுச் சத்தம் கேட்டா அழுகை வந்துரும்னு, திருவிழா அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடப்பாளாம். பாவம்ல? ம்.

அப்போ அவ மகன் ஆவுடை சொன்னானாம், "அம்மா, இந்த லீவுக்கு ஜப்பானுக்குப் போவோம். அங்க பூமிக்குள்ளேர்ந்து வெந்நீர் குபுகுபுன்னு பொங்கி வருது. கழுத்தளவு உக்காந்தா உன் முட்டி இளகிக் குடுக்கும்."

"இளகுச்சுன்னா, அங்கேயே ஏதாவது திருவிழாவுல ஒரே ஒரு சுத்து கும்மி அடிச்சிட்டுத்தாண்டா வருவேன்"னா சண்முகவடிவு.

அப்புறம் பிளேன் ஏறினாங்க. உய்ய்ய்ய்ங்! அம்மா, மகன், மருமக பூரணி. பூரணி புதுசா கல்யாணமாகி வந்தவ. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டையெல்லாம் இல்ல. ஆனா "சாப்ட்டீங்களா அத்தை", "சாப்ட்டேம்மா", அதோட பேச்சு முடிஞ்சுரும். ரெண்டும் கூச்சத்துல ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல.

முதல் ஊருக்குப் போனாங்க. குளிக்கிற இடத்துல ஆம்பளைக்கு ஒரு வாசல், பொம்பளைக்கு ஒரு வாசல். தொங்குற துணியை விலக்கிட்டு இவங்க ரெண்டு பேரும் உள்ள போனா, ஐயய்யோ! கிழவி, குமரி அத்தனை பேரும் பொட்டுத் துணி இல்லாம தண்ணிக்குள்ள உக்காந்திருக்காங்க! சிரிக்காதே. அந்த ஊரு வழக்கம் அது, யாரும் யாரையும் பாக்கமாட்டாங்க. ஆனா நம்ம ஆளு "முருகா!"ன்னு கண்ணைப் பொத்திக்கிட்டா. பக்கத்துல மருமக வேற நிக்கிறா. மருமக முன்னாடி மாமியார் எப்படி? மாமியார் முன்னாடி மருமக எப்படி?

"எனக்கு லேசா தலைவலி"ன்னா இவ. "எனக்கும்தான் அத்தை"ன்னா அவ. ரெண்டும் வந்த வழியே திரும்பிட்டாங்க. சாயங்காலம் அந்த ஊர்ல விளக்குத் திருவிழா. தெருவெல்லாம் காகித விளக்கு ஆடி ஆடிப் போச்சு. இவ ஒரு கல்லு மேல உக்காந்து முட்டியைத் தடவிக்கிட்டே பாத்தா. ம்.

அப்புறம் ரெண்டாவது ஊரு. இந்தத் தடவை சண்முகவடிவு பெரிய புத்திசாலித்தனமா நைட்டியோட இறங்கப் பாத்தா. ஒரு காலைக்கூட வைக்கல, அதுக்குள்ள அங்க வேலை பாக்குற பொம்பளை ஓடி வந்து ரெண்டு கையையும் குறுக்கே வச்சு, ம்ஹூம், கூடாதுன்னுட்டா. அன்னிக்குச் சாயங்காலம் சப்பரம். நம்ம ஊரு மாதிரியேதான், தோள்ல தூக்கிக் குலுக்கிக்கிட்டு, வாஷ்ஷோய்! வாஷ்ஷோய்!னு வந்தாங்க. இவளுக்கு இருப்புக் கொள்ளல. விருட்டுன்னு எந்திரிச்சா. மடக்! அப்படியே உக்காந்துட்டா.

"போதும்டா ஆவுடை, இனிமே எனக்குக் கும்மி இல்ல"ன்னு சொல்லி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. நீ ஏன் முகத்தை மூடுறே? கேளு, கேளு.

அப்போ மூணாவது ஊரு வந்துச்சு. அதான் கடைசி. ஆவுடை தெளிவா சொல்லிட்டான், "துணி கூடாது. முதல்ல வெளிய உக்காந்து நல்லா தேய்ச்சுக் குளிக்கணும். சுத்தமான பிறகுதான் ஊத்துல இறங்கணும்."

"தேய்ச்சுக் குளிக்க எனக்கா சொல்லித் தர்றே?"ன்னா சண்முகவடிவு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற. பூரணி தூங்கட்டும்னு விட்டுட்டு, பெட்டியிலேர்ந்து நல்லெண்ணெய் பாட்டிலையும் சீயக்காப் பொட்டலத்தையும் எடுத்துக்கிட்டு விடிஞ்சதும் நைஸா கிளம்பிட்டா. அங்க ஒரு குட்டி முக்காலி. மனசைக் கல்லாக்கிக்கிட்டு உக்காந்து, உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெயைச் சளக் சளக்குன்னு அப்பிக்கிட்டா. அப்புறம் சீயக்கா. பொடி பறந்து, பக்கத்துல இருந்த ஜப்பான் பொம்பளைங்களுக்கு ஒரே தும்மல், அச்! அச்! அச்சு!

அப்புறம் என்னாச்சு? சீயக்கா கண்ணுல விழுந்துருச்சு. சுரீர்னுச்சு! கண்ணைத் திறக்க முடியல. முதுகெல்லாம் எண்ணெய், கை எட்டல. எந்திரிக்கலாம்னா முட்டி விடல. எண்ணெயோட இறங்கினா அத்தனை பேரு தண்ணியும் பாழு. இறங்கலைன்னா கும்மி போச்சு. "யாராவது கொஞ்சம் முதுகு தேய்ச்சு விடுங்களேன்!"னு தமிழ்லயே கத்தினா.

அப்போ ஒரு கை வந்துச்சு. பரக் பரக்னு தேய்ச்சுச்சு. ஆகா, என்ன சுகம்! இவளுக்கு மனசு இளகிருச்சு. ஜப்பான்காரிதானே, என்ன புரியப் போகுதுன்னு பேச ஆரம்பிச்சா.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருப்பே தாயி. எனக்கும் ஒரு மருமக இருக்கா. தங்கமான பிள்ளை. ஆனா அவகிட்ட பேசவே எனக்கு பயம். ஏதாவது தப்பா சொல்லி, அவ மனசு நொந்துருமோன்னு பயம்."

கை நின்னுச்சு. தலையில தண்ணி தொபதொபன்னு விழுந்துச்சு.

"எனக்கும் அதே பயம்தான் அத்தை."

கண்ணைத் திறந்தா, பூரணி! அவளும் யாருக்கும் தெரியாம குளிச்சிரலாம்னு வந்திருக்கா. ரெண்டு பேர் மேலயும் ஒரு நூலு துணி இல்ல! ஒரு நிமிஷம் திருதிருன்னு முழிச்சாங்க. அப்புறம் பாரு, கெக்கெக்கேன்னு ஒரு சிரிப்பு! என்ன ஏதுன்னு தெரியாமலே ஜப்பான் பொம்பளைங்களும் சேர்ந்து சிரிச்சாங்க.

அப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இறங்கினாங்க. க்ளுக்! "அப்பாடி!" விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போற வரைக்கும் பேச்சு, பேச்சு, பேச்சு. அத்தனை நாளும் சேத்து வச்ச பேச்சு. ம்.

அன்னிக்குச் சாயங்காலம் நடுவுல மேடை, மேடையில பெரிய கொட்டு. டும்! டும்! சுத்தி ஜனங்க கையைத் தட்டித் தட்டி வட்டமா ஆடுறாங்க. சண்முகவடிவு வாயைப் பிளந்துட்டா. "அடியே பூரணி, இது நம்ம கும்மிடி!"

எந்திரிச்சா. முட்டி லேசா முனகுச்சு. ஆனா மடக்குன்னு விழல! சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு வட்டத்துக்குள்ள போயிட்டா. குனிஞ்சு ஒரு தட்டு, நிமிந்து ஒரு தட்டு. கண்ணுல தண்ணி கொட்டுது, வாய் சிரிக்குது. ஒரு சுத்து முழுசா வந்துட்டா!

ஆவுடை ஓடி வந்தான். "அம்மா, ஒரே சுத்துன்னுதானே கேட்டே? போதும், வந்து உக்காரு."

"அது எனக்குடா"ன்னா சண்முகவடிவு. "இந்தச் சுத்து என் மருமகளுக்கு. ஏட்டி, நீ என்ன ஈயா ஓட்டுறே? கையை நல்லாத் தட்டு!"

டும்! டும்! ரெண்டு பேரும் ஆடினாங்க, ஆடினாங்க.

என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி, அவங்க அங்க ஆடட்டும், நீ இங்க உறங்கு. கதையும் படுத்தாச்சு.