ஆற்றங்கரை விருந்து

தோல் தொழிற்சாலை முதலாளி திருவேங்கடத்தின் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. தொழிற்சாலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று வெளியுலகுக்குச் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கையை எழுதப் புதிதாகச் சேர்ந்திருந்த செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"நம்ம கழிவுநீரால ஆத்துக்கு ஒரு கெடுதலும் இல்லைன்னு எழுது. இல்லேன்னா வேலையை விட்டுப் போ."

மறுநாள், அறிக்கையைச் சரிபார்க்கத் தணிக்கையாளர் வந்து முதலாளி எதிரே உட்கார்ந்தார். செண்பகவல்லி பணிவாகக் கேட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன் சார். அறிக்கை வெளியீட்டு விழா விருந்தை, நம்ம தண்ணி கலக்குற ஆத்தங்கரையிலயே வெச்சுக்கலாமா?"

"அந்த நாத்தத்துல மனுஷன் சோறு தின்ன முடியுமா?" என்றார் முதலாளி, யோசிக்காமல்.

தணிக்கையாளர் நிமிர்ந்து பார்த்தார். முதலாளிக்கு வேர்த்தது.

"அப்ப ஆத்துக்குக் கெடுதல் இல்லைங்கிற அந்த வரியை அடிச்சிடட்டுமா சார்?"

"அடிச்சிடும்மா."

தணிக்கையாளர் முன்னிலையிலேயே திருத்தப்பட்டு, ஆற்றைக் கெடுத்ததை ஒப்புக்கொண்டு, சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதாக வாக்குக் கொடுத்தது அந்த அறிக்கை. எழுதிய பெண்ணைப் பார்த்து நன்றி சொல்லக் கரையோர ஊர்க்காரர்கள் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.