பத்து ஊர்ச் சாடியும் நூறு வயது மதுவும்

முன்னொரு காலத்தில், மனிதர்களைவிடத் திராட்சைக் கொடிகள் அதிகமாக இருந்த ஒரு ராஜ்யத்தில், தத்தன் என்றொரு விகடகவி இருந்தான். அந்த நாட்டில் பத்து மலையூர்கள். மகாராஜா பட்டமேறிய வருஷம்தான் பத்திலும் முதன்முதலாக மது காய்ச்சினார்கள். அதாகிப் பத்தே வருஷம். அதற்குள் ஊருக்கு ஊர் பெருமை! ஒவ்வோர் ஊரும் தன் சாடியைத் தன் மண்ணால் மூடி, தன் மண்ணிலேயே கழுத்தளவு புதைக்கும். ஓர் ஊர் மதுவோடு இன்னோர் ஊர் மது ஒரு சொட்டு கலந்தாலும் அன்றைக்கே அடிதடி.

ஒருநாள் கடல் கடந்த தேசத்துத் தூதர் சபைக்கு வந்தார். அவர் மீசையின் இரு முனைகளையும் இரண்டு சேவகர்கள் ஏந்தி வந்தார்கள்! தலைமை மந்திரி பரமேட்டிராயர் எழுந்து மார்தட்டினார்.

“தூதரே, எங்கள் மந்திரிசபையின் வயது எழுநூறு! பத்து மந்திரிகள், ஆளுக்கு எழுபது!”

தூதர் வணங்கிவிட்டுச் சொன்னார்: “எங்கள் நாட்டில் மதுவுக்கே நூறு வயது. தங்களிடம் உண்டா?”

மகாராஜாவின் முகம் சுண்டிப்போனது. பரமேட்டிராயருக்கோ உள்ளுக்குள் குதூகலம். தத்தனின் ஆசனத்தைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தர வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

“பிரபு, நம் நாட்டில் இல்லாத மதுவே இல்லை என்று தத்தன் நேற்றுதான் பீற்றிக்கொண்டான். அவனே கொண்டுவரட்டும்.”

“அப்படியா தத்தா? பத்து நாளில் நம் நாட்டு மது, நூறு வயதில், இங்கே வர வேண்டும். இல்லையேல் கழுதைமேல் ஏறி எல்லை தாண்டிவிடு!”

“உத்தரவு, பிரபு” என்றான் தத்தன்.

வீட்டில் மனைவி செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். “பத்து வருஷச் சரக்குக்கு நூறு வயசு எங்கேருந்துய்யா வரும்? கழுதைக்குப் புல்லாவது வாங்கி வைக்கவா?”

“வாங்கி வை. நிறைய வாங்கி வை” என்றான் தத்தன். பரமேட்டிராயர் மார்தட்டியது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்திருந்தது.

மறுநாள் முதல், எல்லா ஊர் மதுவையும் கலக்கச் சாடி கேட்டு ஊர் ஊராகப் போனான். முதல் ஊர்த் தலைவர் சாடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். “அடுத்த ஊர்க்காரன் மதுவோட எங்களுதைக் கலக்கவா? என் பொணத்துமேலதான்!”

“சரிங்க, வேண்டாம். மத்த ஒம்போது ஊரும் கலந்து வைக்கட்டும். நல்லா இருந்தா, ‘அந்த ஊரு சேராததாலதான் இந்த ருசி’ன்னு நாடே சொல்லும். உங்களுக்குச் சம்மதம்தானே?”

தலைவர் சாடியைவிட்டுக் கீழே இறங்கினார். “பெரிய சாடியா எடுத்துட்டுப் போங்க!”

பத்து ஊரிலும் இதே பேச்சு, இதே இறக்கம்.

பத்தாம் நாள் சபை கூடியது. வாசலில் கழுதை தயாராக நின்றது. பரமேட்டிராயர் தம் கையாலேயே அதற்குச் சேணம் கட்டியிருந்தார். யானை குளிக்கிற அளவுக்கு ஒரு அண்டாவைத் தத்தன் நடுவில் வைத்து, பத்துச் சாடிகளையும் அதில் கவிழ்த்தான்.

“பிரபு, ஒவ்வொன்றுக்கும் வயது பத்து. பத்துச் சாடி. இதோ நூறு!”

“மோசடி!” என்று பாய்ந்தார் பரமேட்டிராயர். “கூட்டினால் வயது ஏறுமா? எல்லாம் பத்து வயதுச் சரக்குதானே?”

தத்தன் பணிவாகக் குனிந்தான். “அப்படியானால் மந்திரிசபைக்கு வயது எழுபதுதான் என்று தூதரிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள், ராயரே. அன்று எழுநூறு என்று நம்பி வணங்கிவிட்டார், பாவம்.”

ராயர் திரும்பித் தூதரைப் பார்த்தார்.

அதற்குள் தூதர் ஒரு கிண்ணம் அருந்திவிட்டார். இன்னொன்று. நான்காவது கிண்ணத்தில் மீசை தானாகவே மேலே நிமிர்ந்தது! “மன்னரே, எங்கள் நூறு வயது இதன் காலில் விழ வேண்டும். ஒரு கப்பல் நிறையத் தருவீர்களா?”

மகாராஜா சிரித்தார். சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி அண்டாவுக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தார்.

“தத்தா, இனி பத்து ஊர் மதுவும் ஆண்டுதோறும் ஒரே அண்டாவில் கலக்கட்டும், உன் மேற்பார்வையில்! இரண்டு மூட்டைப் பொன்னும் உனக்கே. ராயரே, கழுதைக்குச் சேணம் கட்டியவர் நீர்தானே? மூட்டைகளை ஏற்றி, தத்தன் வீடுவரை நீரே ஓட்டிச் செல்லும்!”

தெருவெல்லாம் வேடிக்கை பார்க்க, கழுதை முன்னே, ராயர் பின்னே வந்து சேர்ந்தார்கள். செங்கமலம் வாசலில் புல்லுக்கட்டோடு நின்றிருந்தாள்.

“வாங்க மந்திரி ஐயா” என்றாள். “கழுதைக்குப் புல்லு இருக்கு. உங்களுக்கு மோர் கொண்டாரட்டுமா?”