வெறுங்கையில் வந்த திருநீறு

ஒருவர் உங்களைக் கண்ணெதிரிலேயே ஏமாற்ற, நீங்களும் சிரித்துக்கொண்டே கை தட்டியிருக்கிறீர்களா?

அப்படிக் கைதட்டு வாங்குவதுதான் காத்தமுத்துவின் தொழில். வேடசந்தூர்ப் பக்கம் திருவிழா, காதுகுத்து என்று எங்கே கூட்டம் கூடினாலும் மேஜிக் காட்டுவார். பேனரில் 'புரொபசர் காத்தமுத்து' என்று பெரிய எழுத்தில் இருக்கும். படிப்பு எட்டாவது. ஐம்பது வயதுக்கு மேல் இங்கிலீஷ் பேச ஆசை வந்து, மாவு மில் மாடியில் தமயந்தி நடத்தும் வகுப்பில் சேர்ந்திருந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

அன்று சாயங்காலம் வகுப்பு தொடங்கும் முன்பே எழுந்து நின்றார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல புரோகிராம். நான் என்ன காட்டுறேன்னு நோட்டீஸ்ல போடணுமாம். போன்ல தேடினா இல்யூஷன், டெல்யூஷன், ஹாலுசினேஷன்னு மூணு வருது. மூணுக்குமே மாயைன்னுதான் போட்டிருக்கு. இதுல நான் எது?"

"ஒரு வித்தை காட்டுங்கண்ணே" என்றாள் தமயந்தி.

காத்தமுத்து வலது கையை விரித்துக் காட்டினார். வெறுங்கை. காற்றில் ஒரு சுற்று சுற்றி மூடித் திறந்தார். விரல் நுனியிலிருந்து திருநீறு கொட்டியது.

வகுப்பே கை தட்டியது.

"எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்காரு" என்றாள் முன் வரிசை நாகலட்சுமி. "கண்ணைக் கொட்டாமதான் பாத்தேன். பிடிக்க முடியலையே!"

"இதுதான் இல்யூஷன். இருக்கிறதைக் கண்ணு தப்பாப் பாக்குது" என்றாள் தமயந்தி. "நோட்டீஸ்ல தாராளமாப் போடலாம்."

"அப்ப ஹாலுசினேஷன்?"

தமயந்தி நாகலட்சுமி பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, பிள்ளையைத் தூங்க வச்சிட்டுக் குளிக்கப் போனா என்ன கேக்கும்?"

"அழுகுற சத்தம் கேக்கும் டீச்சர்! சோப்பு நுரையோட ஓடி வந்து பாப்பேன். அது பாட்டுக்குக் குறட்டை விட்டுட்டுக் கிடக்கும்."

"அழுகையே இல்ல. ஆனா கேட்டுச்சு. அதுதான்."

எல்லாரும் சிரித்து முடித்ததும் தமயந்தி கேட்டாள். "அண்ணே, வித்தையில வர்ற திருநீற்றை என்ன செய்வீங்க?"

"முன்னால நிக்கிறவங்களுக்குப் பூசி விடுவேன்." காத்தமுத்துவின் குரல் இறங்கியது. "மாசித் திருவிழாவுல, ரொம்ப நாளாப் பிள்ளையில்லாத ஒரு பொண்ணுக்குப் பூசினேன். அடுத்த மாசமே அது முழுகாம இருக்கு. அதுல இருந்து விடிஞ்சா வாசல்ல ஆளு. சாமி சாமிங்கிறாங்க. எனக்கே சில நேரம், கையில ஏதாச்சும் இருக்குமோன்னு..."

உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"எங்க மாமியாருக்கும் கொஞ்சம் பூசி மாயமாக்கி விடுங்கண்ணே" என்றாள் நாகலட்சுமி. "வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்."

தமயந்தி சிரிக்கவில்லை.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வெள்ளையம்மா வந்து நின்றார். காத்தமுத்துவின் தெருவில் கீரை விற்கிறவர்.

"சாமி, இங்கனதான் இருக்கீகளா? வீட்டுல இங்கிலீசு படிக்கப் போயிருக்காகன்னு சொன்னாக. சாமிக்கு எதுக்கு இங்கிலீசு?"

"என்ன ஆத்தா?"

"நீங்க பூசிவிட்டதுல இருந்து உடம்பு காத்தாட்டம் இருக்கு. சர்க்கரை மாத்திரையை நிப்பாட்டிட்டேன். நாலு பேரு முன்னால சொல்லணும்னுதான் வந்தேன்."

சொல்லும்போதே கால் தள்ளாடியது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

"படி ஏறுன அசதி சாமி. வேற ஒண்ணுமில்ல."

நாகலட்சுமி ஓடிப்போய் நாற்காலி போட்டாள். காத்தமுத்து டீச்சரைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்கண்ணே" என்றாள் தமயந்தி. "வித்தையைக் காட்டுங்க. எப்படின்னும் சேத்துக் காட்டுங்க."

"அது தொழில் ரகசியம். என் குருநாதர் இருந்தா கையை முறிச்சிருவாரு."

"அப்ப மாத்திரை?"

காத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வெள்ளையம்மா முன்னால் போய்க் குந்தினார். விரல் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையை எடுத்துக் காட்டினார்.

"பாரு ஆத்தா. கடையில வாங்கின திருநீறு. கஞ்சித் தண்ணியில பிசைஞ்சு, உருட்டிக் காய வச்சது. விரலுக்குள்ள மறைச்சு வச்சு நொறுக்குவேன். அவ்வளவுதான். எங்கிட்ட ஒரு சக்தியும் இல்ல."

வெள்ளையம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தீகளா! எம்புட்டுப் பெரிய சாமி! சக்தி இருக்குன்னு பீத்திக்காம, உருண்டைங்கிறாக பாருங்க!"

வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. காத்தமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. இன்னொரு உருண்டையை எடுத்து வெள்ளையம்மாவின் விரல்களுக்கு நடுவிலேயே வைத்தார்.

"நீயே நொறுக்கு ஆத்தா."

நொறுக்கினார். திருநீறு கொட்டியது.

"ஆத்தாடி! சாமி பக்கத்துல உக்காந்ததுக்கே எங்கையிலயும் வருதே!"

காத்தமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான் டெல்யூஷனா டீச்சர்? எடுத்துக் காட்டினாலும் போக மாட்டேங்குதே."

"இது பாதி."

"மீதி?"

தமயந்தி அவருடைய வலது கையைப் பார்த்தாள். காத்தமுத்து அதை மெல்லத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

பிறகு சட்டென்று எழுந்தார்.

"ஆத்தா, சாப்பிட்டியா?"

"இப்பத்தான் சாமி, ரெண்டு இட்லி."

"சாமி சொல்றேன். மாத்திரையைப் போடு."

வெள்ளையம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து, போடாமல் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்தார். நாகலட்சுமி தண்ணி பாட்டிலை நீட்டினாள். மாத்திரை மறுபேச்சில்லாமல் உள்ளே போனது.

இந்த முறையும் கை தட்டினார்கள். காத்தமுத்துதான் மேடையில் செய்வதுபோலத் தலை குனியவில்லை, கும்பிடவும் இல்லை. டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"உண்மையைச் சொன்னேன், ஏறல. சாமின்னேன், உடனே முழுங்கிருச்சு. அப்ப நான் சாமியாவே இருந்துட்டா என்ன டீச்சர்? மாத்திரையாவது ஒழுங்காப் போகும்."

தமயந்தி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் காலையில இவங்களை கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே. சர்க்கரை பாக்குற வரிசையில நீங்களும் நில்லுங்க. முதல்ல உங்க விரலைக் குத்தச் சொல்லுங்க. குத்தும்போது ரெண்டு பேரும் கண்ணை மூடிறாம, அந்த விரல்ல வர்றது திருநீறா ரத்தமான்னு பாருங்க."