ஒற்றை நட்சத்திரம்

தில்லைராசன் காலையிலிருந்து மடத்துக் கிணற்றடியில் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருடைய அக்கா வருகிறார். போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்.

"உன் சாமி உண்மையான ஆளா? ஆமான்னா அங்கேயே இரு. இல்லேன்னா என்கூடக் கிளம்பி வந்துடு."

ஆறு வருடமாக மடமே கதி என்று இருப்பவர், பதிலைக் கைபேசியில் தேட ஆரம்பித்தார்.

குருவின் பெயரைப் போட்டுத் தேடினார். வெள்ளியம்பலச் சாமி என்று அடித்தால் இன்றைய வெள்ளி விலை வந்தது. 'உண்மையான' என்று சேர்த்தார். கொலுசு சுத்த வெள்ளிதானா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று வந்தது. 'மடம்' என்றும் சேர்த்தபோது ஒரு விளம்பரம் திரையை அடைத்துக்கொண்டது. அதை மூடப்போய், விரல் தவறி அழைப்பு போய், ஒரு ஜோதிடரிடம் மாட்டிக்கொண்டார். அந்த மனிதர் லேசில் விடுவதாக இல்லை.

வெள்ளியம்பலச் சாமி தண்ணீர் இறைக்க வந்தார். சீடரைவிட எட்டு வயது இளையவர்.

"முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"ஊர்ல இருக்கற குப்பையெல்லாம் வருது சாமி, உங்களைத் தவிர."

"என்னை எதுக்குத் தேடறீங்க? இங்கேதானே இருக்கேன்?"

தில்லைராசன் அக்காவின் கேள்வியைச் சொன்னார். கடைசியில், மடத்துக்கு வந்துபோனவர்கள் எழுதிய கருத்துகள் மட்டும் கிடைத்ததாகச் சொன்னார்.

"ஒருத்தர் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கார். 'நடமாடும் தெய்வம், வண்டி நிறுத்த நல்ல வசதி'ன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தன் ஒரே ஒரு நட்சத்திரம். 'இங்கே வந்தால் ஒன்றும் கிடைக்காது'ங்கறான், படுபாவி. இதுல யாரை நம்பறது?"

"அந்தப் படுபாவி நான்தான்."

தில்லைராசனுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"உங்களைப் பத்தி நீங்களே ஏன் சாமி இப்படி எழுதணும்?"

"வர்றவங்கள்ல பாதிப் பேர் வேலை கிடைக்குமா, வீடு விக்குமான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. அதான் எழுதி வச்சேன்."

"நல்லா எழுதினீங்க. அக்கா அதைத்தான் முதல்ல படிப்பா."

தில்லைராசன் மறுபடி திரையைத் தள்ளத் தொடங்கினார். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. அதையும் பார்த்துடறேன்."

சாமி வாளியை இறக்கி வைத்தார்.

"அக்கா இதை யார்கிட்ட கேட்டாங்க?"

"என்கிட்டதான்."

"ஆறு வருஷம் கூடவே இருந்துட்டு, நான் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்ல வந்துபோனவங்களை விசாரிக்கணும்னா, நாளைக்கு அக்காவோட கிளம்பிடுங்க."