மூன்று சகலைகள் காருக்கு யூரியா ஊற்றிய கதை

கோணங்குளத்தில் ஒரே வீட்டில் பெண் எடுத்த மூன்று மாப்பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் கொம்பையா, இளையவர் நயினார். தனித்தனியாக இருக்கும்போது மூவரும் விவரமானவர்கள்தான். பால் வாங்கிவரச் சொன்னால் பாலைத்தான் வாங்கி வருவார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கிறபோதுதான் வீட்டில் உள்ளவர்கள் குலசாமிக்குக் காசு முடிவார்கள்.

மூவரும் கூட்டாக ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு அந்தக் காருக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. கடைசிக் கொழுந்தியாள் செண்பகத்துக்குச் சாயங்காலம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமன் பிரமநாயகம், எக்ஸ்பிரஸில் ஜங்ஷனுக்கு வந்து இறங்குகிறார். கோணங்குளத்தில் எக்ஸ்பிரஸ் நிற்காது. எனவே காரில் போய் மரியாதையாக அழைத்து வர வேண்டும்.

பிரமநாயகம் கோபத்துக்குப் பேர்போனவர். ஒரு கல்யாணத்தில் தன் இலைக்கு வந்த அப்பளம் உடைந்திருந்தது என்று எழுந்து போனவர், அந்த வீட்டாரோடு இன்றுவரை பேசுவது கிடையாது.

"ஏங்க, அவரு மனசு கோணாம கூட்டிட்டு வந்துருங்க. அவரு வராம அவங்க தட்டு மாத்த மாட்டாங்க," என்று ஆவுடையப்பனிடம் அவர் மனைவி வடிவு சொன்னாள்.

"நான் இருக்கேன்லா?" என்றார் ஆவுடையப்பன்.

"அதனாலதான் சொல்லுதேன்."

மாமனார் தன்னை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியும். இன்றைக்கு எப்படியும் பேர் வாங்கிவிட வேண்டும் என்று புதுவேட்டி கட்டி, சகலைமார் இருவரையும் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருகினார். உடனே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கீழே இங்கிலீஷில் ஏதோ ஓடியது.

நயினார் எழுத்துக்கூட்டிப் படித்தார். "யூரியா தீரப்போவுதாம் அண்ணாச்சி. இன்னும் நாப்பது கிலோமீட்டர்தான் ஓடுமாம். அதுக்கப்புறம் நிறுத்தினா ஸ்டார்ட் ஆவாதாம்."

டீசல் வண்டியின் புகையைச் சுத்தப்படுத்த ஒரு தண்ணீர் ஊற்றுவார்கள். டிரைவர்மார் அதை யூரியா என்பார்கள். அதற்கென்று தனி டேங்க், தனி மூடி. அது தீர்ந்தால் வண்டி அடம்பிடிக்கும். விஷயம் இவ்வளவுதான்.

"டவுன்ல கடை இருக்கு. ஆனா அங்க போறதுக்கே கிலோமீட்டர் குறையுமே?" என்றார் ஆவுடையப்பன்.

கொம்பையா வெகுநேரம் யோசித்தார். "முன்னால போனாத்தானே அண்ணாச்சி குறையும்? ரிவர்ஸ்ல போனா கூடும்லா?"

அது நியாயமாகப் பட்டது. பஜார் முழுக்க வேடிக்கை பார்க்க, கார் பின்பக்கமாகவே டவுனுக்குப் போனது. இரண்டு தள்ளுவண்டியும் ஒரு மாடும் வழிவிட்டன. கடை வாசலில் நின்று பார்த்தால், நாற்பது முப்பத்தாறாகியிருந்தது.

"நம்ம மூணு பேரும் முன்னால பார்த்து உக்காந்திருந்தோம். அதான் வண்டிக்குக் குழப்பம் வந்துட்டு," என்றார் கொம்பையா.

கடைக்காரர் பத்து லிட்டர் கேனையும் ஒரு புனலையும் எடுத்து வைத்தார். வாழைத் தோட்டம் வைத்திருக்கும் நயினாருக்கு ஒரு சந்தேகம். "யூரியான்னா வாழைக்குப் போடுறதுல்லா? போட்டா வளருமே. வண்டி வளர்ந்துட்டா ஷெட்டுக்குள்ள நுழையாதே?"

கடைக்காரர் மூவரையும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அவர்கள்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "வளராது. நல்லா கேட்டுக்கோங்க. வண்டியைச் சமதரையில நிறுத்துங்க. இஞ்சினை நல்லா அணைச்சிட்டு ஆற விடுங்க. நீல மூடிதான் யூரியா, கறுப்பு மூடி டீசல். வாயில புனலை வெச்சு மெதுவா ஊத்துங்க. மேல கீழ பட்டா உடனே தண்ணி விட்டுக் கழுவிருங்க. கேனை எக்காரணம் கொண்டும் வெயில்ல வைக்காதீங்க, நிழல்லயே வைங்க."

இவ்வளவையும் ஒரே மண்டையில் ஏற்றினால் சிந்திவிடும் என்று மூவரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சமதரையும் புனலும் மூத்தவருக்கு. இஞ்சினை அணைப்பது கொம்பையாவுக்கு. மூடி, ஊற்றுவது, கழுவுவது, நிழல் எல்லாம் இளையவர் தலையில்.

சமதரைக்கு பஸ் ஸ்டாண்டைவிட நல்ல இடம் ஏது? ஆவுடையப்பன் அங்கே காரை நிறுத்தி, நிச்சயத்துக்கு வாங்கிய எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். உருளாமல் நின்றால் சமதரை. பழம் உருண்டது. அவர் பின்னாலேயே போனார். மறுபடி வைத்தார். மறுபடி உருண்டது. கடைசியில் அது ஒரு பள்ளத்துக்குள் விழுந்து அசையாமல் நின்றது.

"இதான் இடம்," என்றார் திருப்தியாக.

அதற்குள் நயினார் கேனைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடினார். ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் அருமையான நிழல் விழுந்திருந்தது. கேனை அதில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பஸ் கிளம்பிப் போய்விட்டது. கேன் வெயிலில் நின்றது.

"அண்ணாச்சி! நிழலை ஓட்டிட்டுப் போயிட்டான்!"

"டிக்கெட் எடுக்காத நிழலை எப்படிவே ஏத்துனான்?" என்று கொம்பையாவுக்குக் கோபம் வந்தது.

அடுத்த பஸ்ஸின் நிழலில் வைத்தார்கள். அதுவும் அப்படியே போயிற்று. மூவரும் கூடி ஆலோசித்தார்கள். மூத்த மாப்பிள்ளை என்கிற முறையில் ஆவுடையப்பன்தான் வழி கண்டுபிடித்தார்.

"நிழல் வெளிய கிடக்கறதாலதான் இழுத்துட்டுப் போறான். பஸ்ஸுக்கு உள்ள இருக்கற நிழல் எங்க போவும்?"

அதைக் கேட்டு நயினாருக்கு மெய்சிலிர்த்தது. மூன்றாவது பஸ்ஸில் ஏறி, ஒரு சீட்டுக்கு அடியில், நல்ல குளுகுளு நிழலில் கேனைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதினார். ஜங்ஷன் போகும் பஸ் அது. புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது.

மூவரும் கொஞ்ச நேரம் பஸ்ஸைப் பார்த்தபடி நின்றார்கள்.

"ஆனா நிழல்லதான் இருக்கு," என்றார் நயினார்.

ஆவுடையப்பனுக்கு வடிவின் முகம் கண்முன் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரில் பாய்ந்தார். வழி நெடுக பஸ் நின்ற இடத்திலெல்லாம் காரும் நின்றது. யார் இறங்கிப் போய் கேனை எடுப்பது என்று பேசி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். முந்திப் போய் மறிக்கலாமா என்று ஆவுடையப்பன் கேட்டதற்கு, "ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல பஸ் நிக்காது அண்ணாச்சி," என்று கொம்பையா சொல்லிவிட்டார். அது சட்டம் என்பதால் மற்ற இருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒருவழியாக ஜங்ஷன் வந்தது. நயினார் பஸ்ஸுக்குள் ஓடி கேனை மீட்டு வந்தார். அதே நேரத்தில் எக்ஸ்பிரஸும் வந்து நின்றது.

"மாமாவை ஏத்தினப்புறம் வண்டி நின்னா மானம் போயிரும். அவரு வெளிய வர்றதுக்குள்ள ஊத்திருவோம்," என்றார் ஆவுடையப்பன். ஸ்டேஷன் வாசலில், போர்ட்டிகோ நிழலிலேயே காரை நிறுத்தி, சாவியை எடுத்தார்.

"என் பங்கு," என்று கொம்பையா பானெட்டைத் திறந்தார். உள்ளே இஞ்சின் அனலாய்க் கொதித்தது. அவர் புதுச்சட்டையோடு குனிந்து, இரண்டு கையாலும் அதைச் சேர்த்து அணைத்தார். "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம் வந்தது.

"என்னவே?"

"கொதிக்குது அண்ணாச்சி!"

"நல்லா அணைக்கச் சொன்னாருல்லா? விட்ராதேயும்."

கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாகவே அணைத்தார். பிறகு விலகி நின்று, இரண்டு கையையும் விரித்துத் தன்னை ஆறவிட்டார். சட்டையில் இஞ்சினின் படம் அச்சாக விழுந்திருந்தது.

ஆவுடையப்பன் புனலை எடுத்துத் தம் வாயில் வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பொறுப்பு என்றால் சும்மாவா? நயினார் நீல மூடியைத்தான் திறந்தார். முதலில் கறுப்பு மூடியை முயன்று, அது திறக்காததுதான் காரணம். கேனோடு ஒரு குழாய் வந்திருந்ததால், புனலின் உதவி இல்லாமலே யூரியா டேங்குக்குள் சீராக இறங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் பிரமநாயகம் வந்தார். கையில் குடை, கக்கத்தில் பை, முகத்தில் எள்ளும் கொள்ளும். பிளாட்பாரத்தில் தன்னை எதிர்கொள்ள ஒருவரும் வரவில்லை என்ற கோபத்தோடு காரின் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆவுடையப்பன் இக்கட்டில் மாட்டிக்கொண்டார். ஊற்றி முடிகிற வரைக்கும் புனலை எடுக்கவும் முடியாது, மாமாவை வாங்க என்று கேட்காமல் இருக்கவும் முடியாது. புனலோடேயே கைகூப்பி, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துச் சொன்னார்.

"பூ... பூஊஊஊம்... பூம்!"

பிரமநாயகம் திடுக்கிட்டார். குடை தாழ்ந்தது. "என்னது, வாத்தியமா?"

"பூஊஊம்!" என்று ஆவுடையப்பன் உருக்கமாகத் தலையாட்டினார்.

"எனக்கா?"

அந்த வேகத்தில் நயினார் திரும்பிப் பார்க்க, குழாய் நழுவி, கேனில் மிஞ்சியிருந்த நாலு சொட்டு பிரமநாயகத்தின் கால்மேல் விழுந்தது. மேலே கீழே பட்டால் உடனே கழுவ வேண்டும். நயினார் கேனைப் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தரையில் மண்டியிட்டு அவர் பாதம் இரண்டையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

பிரமநாயகம் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "எத்தனை வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கேன். ஊதி, கால் கழுவி வரவேற்க எவனுக்கும் தோணலியேய்யா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை விரித்து நின்ற கொம்பையாவைப் பார்த்ததும், கட்டிக்கொள்ள நெருங்கினார்.

"தொடாதீங்க மாமா, இன்னும் ஆறலை," என்றார் கொம்பையா.

ஆவுடையப்பனின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. மாமா மனசு கோணவில்லை. கேன் காலி. புனலை எடுத்துத் துப்பிவிட்டு, பிரமநாயகத்தை முன்சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருகினார். மஞ்சள் விளக்கு போய்விட்டது. அந்த இடத்தில், ஊற்றிய யூரியா எவ்வளவு தூரம் ஓடும் என்று புதிதாக ஒரு எண் வந்தது.

"என்ன நம்பர்யா இது?" என்றார் பிரமநாயகம்.

பின்சீட்டிலிருந்து நயினார் எட்டிப் பார்த்துப் படித்தார். "இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டர் மாமா."

நாலு பேரும் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

"பொண்ணு வீடு பக்கத்துலன்னுல்லா சொன்னாங்க?" என்றார் பிரமநாயகம்.

"வரும்போது கிட்டத்துலதான் இருந்துச்சு," என்றார் ஆவுடையப்பன்.

"வரும்போது நாம பஸ் பின்னாலயே வந்தோம். பஸ்காரனுக்குக் குறுக்குவழி தெரியும்," என்றார் கொம்பையா.

பிரமநாயகம் கோபித்துக்கொள்ளவில்லை. தன் காலைக் கழுவியவர்களைக் கைவிடுவதா? நிதானமாகக் கணக்குப் போட்டார். "இந்தக் கார்ல போனா நிச்சயத்துக்குக் கிளம்பி வளைகாப்புக்குத்தான் போய்ச் சேருவோம். ரயில்தான் வேகம். எறங்குங்க."

காரைப் பூட்டிவிட்டு நாலு பேரும் கோணங்குளத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். நெடுந்தூரப் பயணம் என்பதால் இட்லிப் பொட்டலமும் தண்ணீரும் வாங்கிக்கொண்டார்கள். ஆவுடையப்பன் கலங்கிய குரலில் மனைவிக்குப் போன் போட்டார்.

"வடிவு, மாமா சந்தோஷமா இருக்காரு. ஆனா ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்கு. பாசஞ்சர்ல வர்றோம். பிள்ளைகளைப் பார்த்துக்கோ."

வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். போனை வைத்துவிட்டாள்.

பாசஞ்சர் கிளம்பியது. பிரமநாயகம் சட்டையைக் கழற்றி மாட்டி, துண்டை விரித்து, நாளைக் காலை எழுப்பச் சொல்லிப் படுத்தார். நயினார் இட்லிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். கோணங்குளம் என்று போட்டிருந்தது.

"ஆறாயிரத்தையும் ஒரே மூச்சுல முடிச்சிட்டானே!" என்று நயினார் நூலும் கையுமாக வாயைப் பிளந்தார்.

நால்வரும் அவசரமாக இறங்கினார்கள். பிளாட்பாரத்தில் ஒருவன் "டீ, காப்பி" என்று கூவிக்கொண்டு போனான். பிரமநாயகம் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே நின்று அதிசயப்பட்டார். "இவ்வளவு தூரம் தள்ளி வந்தும் நம்ம பாஷைதான்யா பேசுதாங்க!"

ஆவுடையப்பன் பிளாட்பாரத்தின் கோடியைப் பார்த்தார். வேப்பமரத்தடியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வடிவு நின்றிருந்தாள். அவர் தள்ளாடி அருகே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"வடிவு," என்றார், "இவ்வளவு தூரம் தனியாவா வந்தே?"